கரமனையில் மறித்த பந்தயம்

நாகர்கோவிலிலிருந்து அக்காவும் நானும் மூன்று நாளாக நடக்கிறோம். அக்காவின் மகன் நோயில் கிடந்தபோது, பிழைத்தால் பழவங்காடிப் பிள்ளையாரிடம் நடந்தே வருவதாக அவள் நேர்ந்துகொண்டாள். பிழைத்துவிட்டான்.

கோயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். கரமனைப் பாலத்தில் கயிறு கட்டி மறித்திருக்கிறார்கள். சைக்கிள் பந்தயமாம். செருப்பில்லாத அக்கா சுடும் தாரில் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள்.

"சேச்சி, ரேஸ் கழியாம விடமாட்டோம். ஜீப்பில கேறுங்க, வேற வழியா கொண்டு விடறேன்," என்கிறார் பெண் போலீஸ்.

அக்கா மறுக்கிறாள். "நடை சாத்திருவாங்க, ஏறுக்கா," என்று நான்தான் கையைப் பிடித்து இழுக்கிறேன்.

கோயில் வாசலில் இறங்கியும் அவள் உள்ளே வரவில்லை. "நடந்து வாறேன்னுல்லா நேர்ந்தேன்? நீ கும்பிடு," என்கிறாள். குரலில் கோபமே இல்லை. ஜீப்பில் ஏறிய கரமனைக்கே திரும்பி நடக்கிறாள்.