வளர்கிற பிள்ளைக்கு ஒரு ஹாக்கி மட்டை

எங்கள் வீட்டில் எதையுமே என் அளவுக்கு வாங்கியது கிடையாது. பாவாடை எடுத்தால் கீழே ஒரு சாண் மடித்துத் தைப்பார்கள். செருப்பு வாங்கினால் முன்னால் காகிதம் திணிப்பார்கள். கேட்டால், வளர்கிற பிள்ளையாம். சரி, தொலையட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ஹாக்கி மட்டையிலுமா?

ஏழாம் வகுப்பில் நான் பள்ளி அணியில் சென்டர் பார்வர்டு. முன்னால் ஓடிக் கோல் போடுகிற இடம். கோவில்பட்டிக்குப் போய் ஆடப்போகிறோம், அவரவர் மட்டை கொண்டுவர வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு ஆட்டத்தில் முன்பல் போக வேண்டும்! அவளும் பார்வர்டு. "பொட்டப்பிள்ளைக்குப் பல்லு போனா எவன் கட்டுவான்?" என்று அம்மா ஒரு பாட்டம் அழுதாள். இனி மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்றார் அப்பா. நான் சாப்பிடாமல் கிடந்தேன்.

அம்மாவின் தம்பி துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினார். அந்த மாமா ஒரு சாயங்காலம் வந்து, அடுப்படியில் அம்மாவிடமும் அப்பாவிடமும் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார். மறுநாள், "ஏளா, கெளம்பு, மட்டை வாங்கப் போவோம்" என்றார். அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

கடை அண்ணாச்சி விவரமானவர். "பிள்ளை எந்த எடத்துல ஆடுது?" என்று கேட்டுவிட்டு, மெல்லிசாக, கைக்கு அடக்கமாக ஒரு மட்டையை எடுத்துத் தந்தார். இடுப்புக்குச் சரியாக இருந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. மாமா அதைப் பிடுங்கி எட்ட வைத்துவிட்டு, மூலையில் கிடந்த தடிமாட்டு மட்டை ஒன்றைக் காட்டினார்.

"அது பின்னால நின்னு பந்தைத் தடுக்கிறவங்களுக்குல்லா? பிள்ளையால தூக்க முடியாது" என்றார் அண்ணாச்சி.

"வளர்ற பிள்ளைதான, தூக்கிக்கிடுவா."

அந்த மனுஷனிடம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. பார்வர்டுக்கு லேசான மட்டை வேண்டும், குனிந்து ஓட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! கப்பல் சரக்கு இறக்குகிறவருக்குக் கனமாக இருந்தால்தான் சாமான் போலிருக்கிறது என்று வயிறு எரிந்தது.

மைதானத்தில் நான் நினைத்ததுதான் நடந்தது. பந்து ஒரு பக்கம் போனால் மட்டை ஒரு பக்கம் இழுத்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மட்டைக்கு நீ பின்னால பேக்தான் ஆடணும்" என்று என்னைக் கோல் பக்கத்தில் கொண்டு நிறுத்திவிட்டார். என் இடத்தில் வேறொருத்தி ஓடினாள். அவள் கோல் போட்டபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். "ஏளா, ஆடத்தான செய்யுத?" என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

அதோடு விட்டாரா? கோவில்பட்டி ஆட்டத்தைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். அன்றைக்குப் பந்து முழுக்க எங்கள் பக்கம்தான். தடுத்துத் தடுத்து என் முழங்காலுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. என்னால்தான் ஜெயித்தோம் என்று டீச்சரே சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னைக் கேட்கவில்லை, மாமாவைக் கேட்டாள். "பின்னாலதான நின்னா?"

"பின்னாலதான்க்கா. பந்து அங்கன வாரதே இல்ல. சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டுல்லா நின்னா."

சும்மா நின்றேனாம்! வீக்கத்தைக் காட்டிவிடுவோம் என்று பாவாடையைத் தூக்கப் போனேன். மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார், வலிக்கிற அளவுக்கு. அம்மா நிம்மதியாகச் சோறு போடப் போய்விட்டாள். நான் நன்றாக ஆடியது மாமாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்து, அந்த வாரம் முழுவதும் அவரோடு பேசவே இல்லை.