புளி போட்டு விளக்கிய கணினி

காரைக்குடியில் திங்கள்கிழமை சந்தை. அன்று பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவிலும் கூட்டம் இருக்கும். கடைக்குள் இடம் கொள்ளாததைச் சாக்கு விரித்து வெளியே பரப்பியிருப்பார்கள். மற்றவர்கள் எனாமல் கிண்ணத்தையும் பீங்கான் ஜாடியையும் எடுத்துப் பார்ப்பார்கள். நான் அவற்றுக்கு இடையில் ஒயரோ பச்சை மின்சுற்று அட்டையோ பிளாப்பி டிரைவோ கிடக்கிறதா என்று பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் கிடைத்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். என்ன பொருள், எந்த நாட்டுத் தயாரிப்பு, எதை வைத்து அப்படிச் சொல்கிறேன் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் முதல் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று போட்டுவிடுவேன். நோட்டில் பாதி அப்படித்தான் இருந்தது.

நான் வழக்கமாகப் போகும் கடையில், கடைக்கார அண்ணன் வியாபாரம் பார்ப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பின்கட்டில் உட்கார்ந்து வந்த சாமான்களை எல்லாம் கழுவி விளக்குவார். பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது போய்ப் பார்த்து எடுப்பது அண்ணனின் வேலை. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். கோட்டையூரில் ஒரு வீட்டுக்கு முதன்முறையாக அக்கா தனியாகப் போய் வந்திருந்தார்.

நான் போனபோது இருவருக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்று தெரிந்தது.

“டீச்சர், இங்குட்டு வாங்க. ஒரு அதிசயம் காட்டுறேன்” என்றார் அண்ணன். “அஞ்சடுக்கு எனாமல் கேரியர விட்டுட்டு, ரப்பர் பட்டன் வச்ச டைப்ரைட்டர் ஒண்ணத் தூக்கிட்டு வந்திருக்கா. பேப்பர் சொருக எடமே இல்ல.”

“அது டைப்ரைட்டர் இல்லங்க” என்றார் அக்கா உள்ளிருந்து.

“பெறகு என்ன? கூட்டாஞ்சோறு சமைக்கிறதா?”

அக்கா அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கறுப்பாக, ஒரு புத்தகத்தின் அளவில், எழுத்து அச்சிட்ட நாற்பது ரப்பர் சாவிகளுடன் இருந்தது. டிவியோடு இணைத்து ஓட்டும் வீட்டுக் கணினி. கணினிப் பத்திரிகையில் படமாகத்தான் பார்த்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்ததாம்.

“இது கம்ப்யூட்டர்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“நீங்க எதை எடுத்தாலும் மொதல்ல பொறத்தால திருப்பித்தான பாப்பீக. நானும் திருப்பிப் பாத்தேன். ஒயர் மாட்டுற ஓட்டை இருந்துச்சு.” பிறகு கொஞ்சம் பெருமையோடு, “ஒரே அழுக்கு. புளி போட்டு நல்லா வெளக்கிட்டேன்” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். சாவிகளின் மேலிருந்த எழுத்துகளில் பாதி இல்லை. அடியில் ஒட்டியிருந்த தாளைத் தேங்காய் நார் சுரண்டி எடுத்திருந்தது. எத்தனை வோல்ட், எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்பதெல்லாம் அதில்தான் இருந்திருக்கும். லேசாகச் சாய்த்தேன், உள்ளே தண்ணீர் நகர்ந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு வாடிக்கையாளரிடம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். “இது ஓடலைன்னா இனிமே எந்த வீட்டுக்கும் என்னைய விட மாட்டாக டீச்சர். இந்தப் பின்கட்டுதான் எனக்கு.”

“உள்ள கொஞ்சம் காயணும்க்கா. ஒரு வாரம் குடுங்க” என்றேன்.

வீட்டில் ஐந்து திருகாணிகளைக் கழற்றினேன். புளி வாசனை அடித்தது. மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே செய்தித்தாளில் விரித்து வைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பிசுக்கை எடுத்தேன். பின்பக்கம் நீட்டியிருந்த செப்புப் பற்கள் மட்டும் மின்னின; அப்படி ஒரு பளபளப்பை நான் எந்த அட்டையிலும் கண்டதில்லை.

உள்ளே இருந்த எழுத்துகள் தப்பியிருந்தன. நினைவகச் சில்லுகள் எட்டு எட்டாக இரண்டு வரிசை. இரண்டாவது வரிசை காலியாக இருந்தால் சின்ன மாதிரி; இதில் நிறைந்திருந்தது, எனவே இது பெரியது. மின்சாரத்தைச் சீராக்கும் பாகம் ஐந்து வோல்ட் என்றது. அப்படியானால் வெளியிலிருந்து ஒன்பது வோல்ட் கொடுக்கலாம். மிஞ்சியது முனைதான். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் கருகிவிடும். நான் அதுவரை பார்த்த பெரும்பாலான சாதனங்களில் மின்சாரத் துளையின் நடுமுனை நேர். அந்தப் பழக்கத்தை நம்பி, ஒன்பது வோல்ட் கொடுக்கும் எலிமினேட்டரைச் செருகக் கையை நீட்டியவள், நோட்டின் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து நிறுத்தினேன். மீட்டரை எடுத்து, டிவிக்குப் படம் அனுப்பும் தகரப் பெட்டியிலிருந்து தொட்டுப் பார்த்தேன். தகரம் எப்போதும் எதிர்முனை; அதோடு சேர்ந்திருந்தது நடுமுனை. இதில் எல்லாம் தலைகீழ்.

வீட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஓட்டவில்லை. எங்கள் டிவியில் அந்த அலைவரிசை கிடையாது என்பது ஒரு காரணம். அக்கா இல்லாமல் அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்பது இன்னொன்று.

அடுத்த திங்கள் கடை டிவியில் இணைத்தேன். திரை கறுத்தது, பிறகு வெளுத்தது. அலைவரிசைத் திருகை மெல்ல நகர்த்தினேன். கீழ் விளிம்பில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் ஒரே வரியாக நின்றன.

“எழுத்து வருது” என்றார் அக்கா. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார். “வந்துச்சு, சரி. இது என்ன செய்யும்?”

இடப்பக்கத்தில் ஐந்து சாவிகள் வேலை செய்யவில்லை. வேலை செய்தவற்றில் ஒன்றைக் காட்டி, “அக்கா, இத அமுக்குங்க” என்றேன். இந்தக் கணினியில் ஒரு சாவிக்கு ஒரு முழு வார்த்தை வரும். அமுக்கினார், ‘பார்டர்’ என்று ஆங்கிலத்தில் விழுந்தது.

“ஒண்ணத் தொட்டதுக்கு இம்புட்டு வருதா?”

“இப்ப ரெண்டாம் நம்பர். பெறகு அந்த ஓரத்துச் சாவி.”

டிவியின் நான்கு ஓரமும் குங்குமச் சிவப்பாக மாறின. ஜாடி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஜாடியோடு வந்து நின்றார். “கம்ப்யூட்டராண்ணே? கடையிலயா வச்சிருக்கீக?”

“ஆமா. கோட்டையூர்ல எடுத்தது” என்றார் அண்ணன். சற்று நின்று, “இவ எடுத்தது” என்றார்.

அக்கா திரும்பவில்லை. ஒன்று முதல் ஏழு வரை ஒவ்வோர் எண்ணாகப் போட்டு நிறம் மாற்றிக்கொண்டிருந்தார். நீலம் வந்தது, பச்சை வந்தது.

அண்ணன் அந்த ஆளை அனுப்பிவிட்டு வந்து, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: “வெள்ளிக்கிழமை மானகிரியில ஒரு வீடு இருக்கு. வேன் ஏழு மணிக்கு வந்துரும். கெளம்பி இரு.”

“எனாமல் எடுக்கவா, வேணாமா?”

“அதையும் எடு” என்றார் அண்ணன்.