போர்மேன் பாண்டியம்மா

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை என்றால், சாயங்காலம் வரை ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வது. நாற்பது வயதுக்கு மேல் புது வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

பரீட்சை

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருசம் சரவெடி பின்னினேன். வீட்டுக்காரர் தவறிப்போன வருசம், பயிற்சியில் தேறினால் போர்மேன் வேலை தருகிறோம் என்றார்கள். எனக்கு நாற்பத்திரண்டு. சிவகாசியில் நடந்த பயிற்சியில் மற்றவர்கள் எல்லாம் என் மகள் வயசுப் பிள்ளைகள். கேள்வித்தாளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பதில் தெரியும், எழுத்துதான் வரவில்லை. பயிற்சி கொடுத்தவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பதினெட்டு வருசம் கையால செஞ்சதத்தான கேட்டிருக்கு? பயப்படாம எழுதுங்கக்கா."

ஐந்தாவது ஆள்

தேறிவிட்டேன். வெடித்தால் சேதம் குறையட்டும் என்று, ஒரு அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். தீபாவளி சீசன் அவசரத்தில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவள் முத்துமாரி, இத்தனை வருசமும் என்னோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவள். "எந்திரி மாரி" என்றேன். மறுபடி சொன்னேன். எழுந்தாள். வாசலில் திரும்பி நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னாள்:

"ஏட்டி, நேத்து வரைக்கும் பாண்டி. இன்னைக்கு உன்னைய என்னன்னு கூப்பிடணும்?"

மூணாம் நம்பர் அறை

மழை பெய்த மறுநாள் காலை. முந்தின நாள் மிஞ்சிய வெடிமருந்து தட்டில் கிடந்தது. தட்டைத் தொட்டால் இளஞ்சூடு. ஈரம் பட்ட மருந்து தானாகவே பற்றும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அதுதானா, இல்லை என் கைச்சூடா? நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிகிறவரை நிற்கவும் முடியாது. எல்லோரையும் வேலி வரை விரட்டினேன்.

மேனேஜர் ஓடிவந்தார். "லோடு ஏத்துற அன்னைக்கா இந்தக் கூத்து?"

"தப்பா இருந்தா என்னைய அனுப்பிருங்க சார்" என்றேன். அவர் அறைப்பக்கம் நாலடி வைத்தார். கையைப் பிடித்து இழுத்தேன். காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அப்போதுதான் அறை வெடித்துக் கூரை கிளம்பியது. கண்ணைத் திறந்து தலைகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். மூன்றாவது தடவையும் எண்ணினேன். மேனேஜர் தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார்.

"நிக்காதீக, மொதல்ல உக்காருங்க."

இந்த வேலை என்னை என்ன செய்தது என்று கேட்டால், இப்போதெல்லாம் வீட்டில் குக்கர் சத்தம் போட்டாலும் மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போகிறேன்.