நெல் தொட்டிக்குள் கழுத்தளவில்

நெல்லுக்குள் மூழ்கி ஒரு மனிதன் சாக முடியும் என்று எனக்கு இருபத்தொன்பது வயது வரை தெரியாது. தெரிந்துகொண்ட அன்று நான் கழுத்து வரை நெல்லுக்குள் இருந்தேன்.

பெருமாளை நம்பி இங்கே உட்கார்ந்திருக்கிற உங்கள் முன்னால் பேச எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பாசுரம் தெரியாது. நாலு பேர் முன்னால் நின்று பேசியும் பழக்கமில்லை. என் பெயர் ராமையா. திருக்கோஷ்டியூருக்குப் பக்கத்துக் கிராமம். திருப்பத்தூருக்கு வெளியே ஓர் அரிசி மில்லில் மிஷின் ஓட்டுகிற டிரைவர். எனக்கு நடந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது நன்றி கெட்டதனம் என்று என் மனைவி பஞ்சவர்ணம் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதனால் சொல்கிறேன்.

அது 1969, தை மாதம். அப்போது நான் இருந்த இருப்பை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். மில்லில் என்னை மிஞ்சிய ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையால் தள்ளி மாட்டுவேன். களத்தில் நெல் காயப்போடுகிற பெண்கள் பயந்து கத்துவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். கரண்டு போனால் மோட்டார் ஸ்டார்ட்டரின் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். மறுபடி கரண்டு வந்தாலும் நாம் போய்த் தூக்கிவிட்டால்தான் மிஷின் ஓடும். ஆளுக்கு ஆபத்து வரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்போது ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கரண்டு போகும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போகச் சோம்பல்பட்டு, அந்தக் கைப்பிடி விழாதபடி ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தேன். கரண்டு வந்தால் மிஷின் தானாக ஓடும். இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். பஞ்சவர்ணம் சனிக்கிழமைதோறும் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போவாள். நான் வாசலோடு நின்று பீடி குடித்துவிட்டுத் திரும்புவேன்.

மில்லில் ஒரு பெரிய நெல் தொட்டி உண்டு. செங்கல் கட்டு. இரண்டு ஆள் உயரம். மேலே அகலமாக இருக்கும், கீழே போகப் போகக் குறுகும். அடியில் ஒரு வாய். அந்த வாய் வழியாக நெல் இறங்க, எலிவேட்டர் என்கிற வார்ப்பட்டை வரிசையாகக் கோத்த தகரக் கிண்ணங்களால் அதை அள்ளி மேலே அரைக்கிற மிஷினுக்குக் கொண்டுபோகும். நெல்லில் ஈரம் இருந்தால் தொட்டிக்குள் பாலம் போலக் கட்டிக்கொண்டு இறங்காது. மேலே நின்று மூங்கிலால் குத்திவிட வேண்டும். நான் மூங்கிலைத் தேடமாட்டேன். மிஷின் ஓடும்போதே உள்ளே குதித்துக் காலால் மிதித்து விடுவேன்.

களத்தில் வேலை பார்த்த கறுப்பாயி ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லாதவள். "டிரைவர் தம்பி, அதுக்குள்ள இறங்காதீக. மண்ணு சரிஞ்சா ஆளை முழுங்கிரும். நெல்லும் அப்படித்தானே?" என்றாள்.

"நெல்லு அள்ளுற வேலையை மட்டும் பாரு. மிஷினைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா" என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, எதிர்பாராத தூறல் ஒன்று போட்டு நெல் முழுக்க ஈரம். மறுநாள் லாரி வருகிறது, இன்றைக்குள் அரைத்து முடி என்று சொல்லிவிட்டு முதலாளி காரைக்குடிக்குப் போய்விட்டார். மத்தியானம் பெண்கள் எல்லாரும் களத்துக்கு அப்பால் வேப்பமரத்தடியில் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் மிஷினோடு இருந்தேன். நெல் இறங்குவது நின்றுவிட்டது. வழக்கம்போல ஏணியில் ஏறி உள்ளே குதித்தேன். இரண்டு மிதி மிதித்தேன்.

மூன்றாவது மிதியில் காலடியில் ஒன்றுமே இல்லை.

இடுப்பு வரை ஒரே இறக்கம். முதலில் சிரிப்புதான் வந்தது. காலை உருவப் பார்த்தேன். உருவ உருவ இன்னும் இறங்கினேன். கீழே எலிவேட்டர் நெல்லை இழுத்துக்கொண்டே இருந்தது. நெல்லோடு சேர்த்து என்னையும் இழுத்தது. நெஞ்சு வரை வந்தது. இடது கை உள்ளே மாட்டிக்கொண்டது. வலது கை மட்டும் வெளியே. பிடிக்க ஒன்றும் இல்லை. சுவர் கைக்கு எட்டவில்லை. மேலே ஏணியின் நுனி தெரிந்தது. அது எங்கேயோ வானத்தில் இருப்பது போல இருந்தது.

கத்தினேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அதற்கப்புறம் கத்தவும் முடியவில்லை. மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கும் அல்லவா? சுருங்கிய இடத்தில் நெல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் இருக்காது. ஒவ்வொரு மூச்சும் முந்தின மூச்சைவிடக் குட்டையாக இருந்தது. யாரோ என்னை நின்ற வாக்கில் உயிரோடு புதைப்பது போல இருந்தது. புதைக்கிற ஆளும் நான்தான், மிஷினை ஓட விட்டு உள்ளே குதித்தவனும் நான்தான். கழுத்துக்கு வந்தது. இடது பாதத்தில் ஏதோ வந்து வந்து மோதியது. எலிவேட்டர் கிண்ணம் என்று புரிந்தது. அடி வாய்க்கு வந்துவிட்டேன். செத்தோம் என்று முடிவு செய்தேன்.

பஞ்சவர்ணத்தின் ஞாபகம் வந்தது. அவள் வயிற்றில் அப்போது ஐந்து மாதம். அந்த நேரத்தில்தான் நான் கூப்பிட்டேன். அழகாகக் கூப்பிடவில்லை. "சௌமிய நாராயணா, உன் வாசலில் நின்று பீடி குடித்த பயல்தான். எனக்காக வேண்டாம். அவளுக்காக நிறுத்து. இந்த மிஷினை நிறுத்து." வாயைத் திறந்தால் நெல் விழுந்தது. அதனால் மனசுக்குள்ளேதான் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். எத்தனை தடவை என்று தெரியாது.

மிஷின் நின்றது.

கரண்டு போய்விட்டது. மோட்டார் முனகிக்கொண்டே அடங்கியது. பெல்ட் சட்சட்டென்று இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அந்த அமைதியில் கூரைக்குள் குருவிகள் கத்துவது கேட்டது. கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. ஸ்டார்ட்டரில் நான் செருகிய கட்டை ஞாபகம் வந்தது. கைப்பிடி விழாது. கரண்டு வந்த நொடியில் மிஷின் தானாக ஓடும். நெல் தாடை வரை இருக்கிறது. இன்னும் நாலு விரல்கடை இறங்கினால் மூக்கு. கரண்டு எப்போது வரும்? சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். மிஷின் ஓடும்போது இருந்த பயத்தைவிட, நின்ற மிஷினைக் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் பெரிய பயமாக இருந்தது. ஒரு கம்பி முனகினால்கூட உயிர் போய்த் திரும்பியது. கத்த நெஞ்சில் காற்று இல்லை. அசைந்தால் இறங்குவேன். பெண்களின் பேச்சும் சிரிப்பும் வேப்பமரத்தடியிலிருந்து லேசாகக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள். ஒருத்திக்கும் தெரியாது.

மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை, "பெருமாளே, யாரையாவது அனுப்பு" என்று மட்டும் சொன்னேன்.

ஏணி கிறீச்சென்றது. மேலே ஒரு தலை தெரிந்தது. கறுப்பாயி.

"அடியாத்தீ!" என்று அலறினாள். ஏணியிலிருந்து குனிந்து கையை நீட்டினாள். "கையைப் பிடிங்க தம்பி, பிடிங்க!"

நான் தலையை ஆட்டினேன். "சுவிச்சு" என்றேன். குரல் வரவில்லை. உதடுதான் அசைந்தது. அவளுக்குப் புரியவில்லை. வலது கையால் மேலிருந்து கீழே இழுப்பது போலக் காட்டினேன். மறுபடி காட்டினேன். அவள் என் கையையும், பலகையில் இருந்த மெயின் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதையா? அதைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே வைவீக?"

கும்பிடுவது போல ஒற்றைக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவள் இறங்கி ஓடினாள். கரண்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டால் சாவு என்றுதான் தெரியும். அந்த நினைப்போடுதான் போய் அந்தச் சுவிட்சைப் பிடித்து இழுத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது. அவள் திரும்பி ஏணியில் கால் வைத்திருப்பாள், பக்கத்து மரவாடியில் அறுவை மிஷின் வீரிட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

கரண்டு வந்துவிட்டது. எங்கள் மிஷின் மட்டும் அசையாமல் நின்றது.

அவள் சோற்றை இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் நான் இல்லை.

ஆட்கள் ஓடி வந்தார்கள். மரவாடி ஆட்கள் என் அக்குளில் கயிறு கட்டி இழுத்தார்கள். உடம்பு இரண்டாகப் பிய்வது போல இருந்தது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கறுப்பாயிதான் சத்தம் போட்டாள்.

"இழுக்காதீக! ஆளு பிஞ்சு போவாரு. ஆத்துல ஊத்துத் தோண்டுறப்ப மணல் சரியாம என்ன செய்வோம்? சுத்தித் தகரத்தை இறக்குங்க. உள்ளுக்குள்ள இருக்கிற நெல்லை மட்டும் அள்ளுங்க."

மண்ணெண்ணெய் பீப்பாய் ஒன்றை வெட்டி விரித்து, என்னைச் சுற்றி வளையமாகக் குத்தி இறக்கினார்கள். தொட்டியின் குறுக்கே பலகை போட்டு அதில் குப்புறப் படுத்துக்கொண்டு கறுப்பாயி நெல்லை அள்ளினாள். முதலில் கையால், அப்புறம் ஒரு சின்னச் செம்பால். நெஞ்சு வெளியே வந்து நான் இழுத்த அந்த முதல் முழு மூச்சை எப்படிச் சொல்வது? பச்சைக் குழந்தை அழுவது போல ஒரு சத்தம் வந்தது. அது என்னுடைய சத்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பொழுது சாயும்போது வெளியே எடுத்தார்கள். இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. சேதி கேட்டு வந்த பஞ்சவர்ணம் களத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் காதிலும் மூக்கிலும் இருந்த உமியை முந்தானையால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கறுப்பாயி என்னைப் பார்க்க வந்தபோது, "சாப்பாட்டை விட்டுட்டு ஏன்க்கா உள்ள வந்தீக?" என்று கேட்டேன். அன்றுதான் முதல் தடவையாக அவளை அக்கா என்று கூப்பிட்டேன்.

"கரண்டு போனா மொத ஆளா வெளிய வந்து கரண்டுக்காரனை வைவீகளே தம்பி. அன்னைக்கு வசவே கேக்கலை. என்னமோ மாதிரி இருந்துச்சு. போய்ப் பாரு, போய்ப் பாருன்னு மனசு அடிச்சுக்கிச்சு. அதான் வந்தேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஒரு கொக்கு கம்பியில் அடிபட்டதால்தான் அன்றைக்கு லைன் நின்றதாம். லைன்மேன் சொன்னார். "கொக்கு அடிபட்டதுக்கும் சாமிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. நெல்லுக்குள் இருந்தவன் நான். கேட்டது நான். நின்றதையும் ஆள் வந்ததையும் பார்த்தது நான். அந்தக் கொக்குக்காகவும் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கட்டையை எடுத்து அடுப்பில் போட்டேன். தொட்டிக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டுத் தர வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா எவனுக்கு என்ன ஆச்சு?" என்றார். காலைக் காட்டினேன். "கம்பி வராம நான் சுவிச்சைத் தொட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நாள் கம்பி வந்தது. களத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் சுவிட்சை நிறுத்தக் கற்றுக்கொடுத்தேன். இந்த ஒன்பது வருஷமாக யாரையும் அந்தத் தொட்டிக்குள் இறங்க விட்டதில்லை. கோழை என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் போர்வையை நெஞ்சுக்கு மேல் இழுத்துக்கொண்டால் தூக்கம் வராது. மகள் பிறந்த பிறகு வந்த மாசி மகத்துக்குப் பெருமாள் கோயில் தெப்பக்குளத்தில் விளக்கு வைக்கப் போனோம். கறுப்பாயி அக்காவும் வந்திருந்தாள். கூட்டம் நாலு பக்கமும் நெருக்கியது. எனக்கு நெஞ்சு அடைத்தது, மறுபடி தொட்டிக்குள் நிற்பது போல இருந்தது. திரும்பிவிடலாம் என்றேன். பஞ்சவர்ணம், "நிதானமா மூச்சை விடுங்க. நான் இருக்கேன்ல" என்றாள். விட்டேன். நெஞ்சு சுருங்கியது. பிறகு தாராளமாக விரிந்தது. படியில் இறங்கி, கரையில் எரிந்த ஆயிரம் விளக்குகளுக்கு நடுவில் எங்கள் அகலையும் ஏற்றி வைத்தேன்.

உங்களில் யாராவது இப்போது ஒரு தொட்டிக்குள் நிற்கலாம். வியாதியாக இருக்கலாம், வேறு ஏதோவாக இருக்கலாம். உங்கள் கையாலேயே கட்டை செருகி வைத்த வினையாகவும் இருக்கலாம். என் மாதிரி ஆள் கூப்பிட்டால் அவர் வருவாரா என்று யோசிக்காதீர்கள். நான் யோசிக்க நேரமில்லாமல்தான் கூப்பிட்டேன். கூப்பிடுங்கள். வருகிறவர் எந்த முகத்தோடு வருவார் என்று தெரியாது. நேற்று நீங்கள் வைது அனுப்பிய ஆளின் முகமாகக்கூட இருக்கும். கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள்.