கரியிலைச் செடி

மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் அபூர்வமான காட்டுச்செடியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று குலசேகரத்துத் தோழி ஒருத்தி போனில் படம் அனுப்பியிருந்தாள். போன மழைக்கு வேறொன்று கிடைத்ததாம். நம்ம ஊருக்கு இப்போதுதான் யோகம் வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு அந்த யோகம் நான் நாலாம் வகுப்பு படிக்கும்போதே வந்து, வாசலோடு திரும்பிப் போனது.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். அதன் ஓரத்தில் ஒரு நாகர் காவு. சில பெரிய மரங்கள், பின்னிக் கிடக்கும் கொடிகள், நடுவில் பாசி பிடித்த நாகர் கல். அதையும் வெட்டி ரப்பர் வைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். கூடாது என்றவள் அத்தை, அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதுகூட அங்கே அவள் தீர்மானிக்கிற விஷயமில்லை. காவில் சாயங்காலம் விளக்கு வைப்பது மட்டும் அவளுடையது. அதனால் காவைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளுக்குக் குரல் உயரும்.

அந்த மழைக்காலத்தில், செடிகளைத் தேடி அலைகிற கல்லூரி டீச்சர் ஒருவர் வந்தார். காவுக்குள் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. உதிர்ந்து நனைந்து கிடந்த கரியிலைச் சருகுக்குள் விரல் உயரத்தில் வெளுத்த தண்டு ஒன்று நின்றது. இலையே கிடையாது. தலையில் ஒரு மொட்டு. எனக்கு அது முளைகட்டிய பயறு மாதிரிதான் தெரிந்தது.

"விரிஞ்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். நான் நினைக்கிறதா இருந்தா இந்த இடத்த யாரும் தொடக்கூடாது. அடுத்த வாரம் பெரிய சாரைக் கூட்டிட்டு வாறேன்," என்றார் டீச்சர்.

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாடே?"

"அப்படி ஒண்ணு உண்டும்னா நான் வெட்டல," என்றார் அப்பா. வேண்டாவெறுப்பாகத்தான். ஆனால் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை.

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. காவை ஆயில்யத்தன்று மட்டும்தான் தூத்து வாரலாம். மற்ற நாளில் ஒரு சருகைக்கூட எடுக்கக்கூடாது. அதை ஒருநாளும் மீறாதவள், பெரிய மனிதர்கள் வருகிற இடம் குப்பையும் கூளமுமாகக் கிடந்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை என்று நினைத்துவிட்டாள். காவு முழுவதையும் தூத்தாள். செடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கினாள். அதன் அடியில் கிடந்த கரியிலையை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்தாள். மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டாள். நாகருக்குக்கூட அத்தனை உபசாரம் நடந்ததில்லை.

அவர்கள் வந்தபோது செங்கல் வட்டத்துக்குள் கறுத்த நார் ஒன்று கிடந்தது.

"மக்குற சருகுதாம்மா இதுக்குச் சோறு," என்றார் டீச்சர், மெதுவாக. அவர் கோபப்பட்டிருந்தால் அத்தைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பெரிய சார் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தார். மண்ணுக்குள் கிழங்கு ஏதாவது மிச்சமிருந்தால் அடுத்த மழைக்கு முளைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பா அன்றைக்கே மரத்தில் கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "அடுத்த மழை வரைக்கும் பாப்போம். வரலேன்னா என்னக் கொற சொல்லப்பிடாது."

அதன்பிறகு அத்தை ரப்பர் தோட்டத்துச் சருகை ஓலைக் கடவப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போய்க் காவில் கொட்டத் தொடங்கினாள். வீட்டுக் குப்பையை வெளியே தள்ளுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது, முடியவும் போனது. மறுநாளைக்கு மரம் வெட்ட அப்பா ஆள் சொல்லியாகிவிட்டது. பள்ளிக்கூட வேனுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை காவுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"மக்கா, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா. அது வந்திருக்கான்னு பாரு."

என் கண்ணைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. முட்டுப்போட்டு உட்கார்ந்து சருகை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை."

"நல்லாப் பாரு மக்கா."

"நல்லாத்தான் பாத்தேன். இல்ல."

வேன் ஹாரன் அடித்தது, நான் ஓடிவிட்டேன். மறுநாள் மரங்கள் விழுந்தன.

முந்தின நாள் காலையில் அவள் முழங்கை வரை ஈரமண் அப்பியிருந்ததை நான் பார்த்தேன். விடிந்ததிலிருந்து அவள் அந்த மண் முழுவதையும் தடவித் தேடி முடித்திருந்தாள் என்பதும், இருக்கிறது என்று ஒரு பொய்யாவது சொல்லமாட்டேனா என்றுதான் என்னைக் கூப்பிட்டாள் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.