ஐம்பத்தேழு பேருக்கு ஒரு நிமிட மௌனம்

பத்மநாதன் அண்ணையின் குரலைப் போல எங்கள் தொலைபேசிகளில் இடத்தைப் பிடித்த பொருள் வேறு கிடையாது. தினமும் காலை ஐந்தரைக்கு, 'மோர்டன் காலைநடை' என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்து விழும். "வணக்கம் உறவுகளே, அமெரிக்காவில் இன்று" என்று தொடங்குவார். இன்ன ஜனாதிபதி பிறந்த நாள், இன்ன மாநிலம் சேர்ந்த நாள், இன்ன பாலம் திறந்த நாள் என்று மூன்று நிமிடம் போகும். கடைசியில், "இண்டைக்குப் பிறந்த எல்லாருக்கும், எங்க இருந்தாலும், என்ர வாழ்த்து. இனிய நாளாக அமையட்டும். இது உங்கள் பத்மநாதன்" என்று முடிப்பார்.

லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்தான் ஒருவருக்கு அமெரிக்காவோடு என்ன கொண்டாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அவர் எண்பத்தாறில் வெளிக்கிட்டது அமெரிக்காவுக்குத்தான். நியூ ஜெர்சியில் தாய்மாமன் இருந்தார். ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டு ஹீத்ரோவில் பிடிபட்டது. அங்கேயே அகதி அந்தஸ்து கேட்டு, ஹவுன்ஸ்லோவில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்து, பிறகு விமான நிலையத்திலேயே சாமான் ஏற்றும் வேலைக்குப் போய், முப்பது வருடமாக மற்றவர்களின் பெட்டிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார். க்ரீன் கார்ட் லாட்டரிக்கு வருடம் தவறாமல் போட்டார். விழவே இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போட் வந்த பிறகாவது ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், "சுற்றிப் பாக்கிறதுக்கு நான் வெளிக்கிடேல்லை, தம்பி" என்பார். அந்த நாட்டின் நாட்களை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், நாங்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. படுக்கையில் கிடந்தபடியே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்போம். பிறகு ஹால் பார்க்கில் சந்திக்கும்போது, "நல்லா இருந்தது அண்ணை" என்போம். அவர் மலர்ந்துபோவார். ஒரேயொரு ஆள்தான் முழுதும் கேட்டார். மெற்றில்டா. மன்னார்ப் பக்கம், அறுபது தாண்டியவர், கணவர் போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம், மாதா கோவிலும் எங்கள் நடையும்தான் அவருடைய வெளியுலகம். நடக்கும்போது, "அண்ணை, நேற்றுச் சொன்ன அந்தப் பாலம் இப்பவும் இருக்கோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே பத்மநாதன் அண்ணை அடுத்த நாள் இன்னும் அரை நிமிடம் கூடப் பேசுவார்.

மெற்றில்டாவின் மகன் ஒருவன் வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமல் போனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

இந்த வருடம் மே பதினெட்டு ஒரு திங்கட்கிழமை. அண்ணை வாரம் முழுவதுக்குமான பதிவுகளை ஞாயிறு மத்தியானம் காருக்குள் இருந்து செய்துவிடுவார், வீட்டில் மனைவி சத்தம் போட விடமாட்டார். காலையில் எழும்பி அன்றைக்கு உரியதைத் தட்டிவிடுவதுதான் வேலை. அப்படித்தான் அன்றும் தட்டிவிட்டார்.

அன்று அவர் சொன்னது இது. சந்திரனுக்கு ஒத்திகை பார்க்க ஒரு விண்கலம் கிளம்பிய நாள். லிங்கனை அவருடைய கட்சி வேட்பாளராகத் தெரிவுசெய்த நாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதில் வாஷிங்டன் மாநிலத்தில் எரிமலை வெடித்து ஐம்பத்தேழு பேர் இறந்த நாள் என்றார். "அந்த ஐம்பத்தேழு உயிருக்காகவும் ஒரு நிமிடம் மௌனம் காப்போம், உறவுகளே" என்றார். சொன்னபடி மௌனமும் காத்தார். பதிவில் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு, இனிய நாளாக அமையட்டும்.

இரண்டாயிரத்தொன்பதில் வன்னிச் சண்டை முடிந்து, செத்த எங்கள் சனத்துக்காக நாங்கள் திரி கொளுத்தும் மே பதினெட்டில், தமிழ்க் குழு ஒன்றில்.

அவருக்கு அந்த நாள் தெரியாமல் இல்லை. அன்று பின்னேரம் நினைவுக் கூட்டத்துக்கு எங்களோடு வருவதாகச் சொல்லி, கறுப்புச் சட்டையை அயன் பண்ணிக் கதிரையில் தொங்கவிட்டிருந்தார். அமெரிக்க நாட்கள் அவர் தலைக்குள் ஒரு பக்கமும் எங்கள் நாட்கள் மறுபக்கமும் இருந்தன. இரண்டையும் ஒரே திகதி என்று சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ஏழு மணிக்குப் பிறகு குழுவில் மெழுகுதிரிப் படங்கள் வரத் தொடங்கின. அவற்றுக்கு மேலே அண்ணையின் பதிவு. அதன் கீழே நாலு கட்டைவிரல். ஒன்று எங்களோடு நடக்க வரும் ஸ்ரீஸ்கந்தராஜாவுடையது. ஒன்று என்னுடையது. எட்டு மணிக்கு, 'மெற்றில்டா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது.

அதைப் பார்த்துத்தான் நான் பதிவைப் போட்டுக் கேட்டேன். கேட்டு முடித்ததும் என் கட்டைவிரலை எடுத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம். அண்ணையும் பதிவை அழித்தார். அழித்தால் அது அழித்த அடையாளத்தோடு அங்கேயே நிற்கிறது.

நினைவுக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து ஐந்தரைக்கு எதுவும் வரவில்லை. நடைக்கு வந்தார், ஆனால் எங்களுக்குப் பின்னால், கூட்டத்தில் சேராமல் நடந்தார். மெற்றில்டா நடைக்கு வரவேயில்லை. அண்ணை எடுத்த அழைப்புகள் ஒன்றுக்கும் பதிலில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா, "ஒரு மனுசன் மறந்துபோறதுதானே, விடும்" என்று ஆறுதல் சொன்னார். அது அவரை இன்னும் கூனவைத்தது.

ஒருநாள் ஆற்றங்கரைப் பாலத்தில் நின்று என்னிடம் சொன்னார். "தம்பி, எனக்கு அங்க ஒருத்தரும் சாகேல்லை. அம்மா அதுக்கு முதலே போயிட்டா. தங்கச்சி கனடாவில. அதுதான் எனக்கு மறக்க ஏலுது. மறக்கிறதுக்கு எனக்கு வசதி இருக்கு. அந்த மனுசிக்கு இல்லை."

"எனக்கும்தான் ஒருத்தரும் சாகேல்லை அண்ணை."

"நீர் மௌனம் காக்கச் சொல்லேல்லை. நான் சொன்னனான். ஆருக்கு எண்டு எண்ணிச் சொன்னனான்."

சண்டையின் கடைசி மாதங்களில் லண்டனில் எங்களில் பாதிப்பேர் அதை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் தெருவில் கிடந்தபோது அவர் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தார் என்பதையும் அன்றுதான் சொன்னார். ஒருநாள் மட்டும் போய், மழை என்று திரும்பி வந்தாராம். வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை, பார்த்தாலே தெரிந்தது.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, "நீரும் வாரும், எனக்குத் தனியப் போகத் தைரியமில்லை" என்று என்னைக் கூட்டிக்கொண்டு மெற்றில்டாவின் வீட்டுக்குப் போனார். மருந்துக்கடைக்கு மேலே சின்ன ஃபிளாட். கதவைத் திறந்த மெற்றில்டா எங்களை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டார்.

தேத்தண்ணி வந்தது. அண்ணை தொடவில்லை. கொண்டுபோன பிஸ்கட் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

"மெற்றில்டா, நான் மன்னிப்புக் கேக்க வந்தனான். வேற கதை ஒண்டுமில்லை."

"கோவம்தான் அண்ணை," என்றார் மெற்றில்டா. "இல்லையெண்டு சொல்லமாட்டன். நானும் முழங்கால்ல நிண்டு செபம் சொல்லிப்போட்டு, உங்கட குரல் கேக்கலாம் எண்டுதான் ஃபோனை எடுத்தனான். ஐம்பத்தேழு பேர் எண்டு அவ்வளவு சரியாச் சொன்னீங்கள். எங்கட கணக்கை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை. என்ர பிள்ளை எந்தக் கணக்கில எண்டே எனக்குத் தெரியாது."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"அவனை நான் விட்டிட்டு வந்தனான்," என்றார் மெற்றில்டா, யாரையும் பார்க்காமல். "என்ர மனுசன் எங்களை லண்டனுக்குக் கூப்பிடேக்க ஜெராட்டுக்குப் பதினெட்டு தாண்டிப்போச்சு. அவனுக்கு விசா இல்லை எண்டிட்டாங்கள். ரெண்டு வருசத்தில எடுக்கலாம், நீ போ எண்டு அவன்தான் என்னை அனுப்பினவன். சித்திரையில ஒருக்கா ஃபோன் எடுத்தான். அதோட சரி. எந்த நாள் எண்டு தெரியாது. எல்லாரும் மே பதினெட்டு எண்டினம், நானும் அண்டைக்குத் திரி கொளுத்திறன். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச அவன்ர நாள் ஒண்டே ஒண்டுதான். பிறந்த நாள்."

"எப்ப?" என்று நான்தான் கேட்டேன்.

"ஜூலை நாலு."

பத்மநாதன் அண்ணை நிமிர்ந்தார். ஜூலை நாலு அவருடைய பெருநாள். அமெரிக்காவின் சுதந்திர தினம். வருடத்தில் அன்று மட்டும் பதிவின் முடிவில் வாணவெடிச் சத்தம் வைப்பார். அது நவம்பரில், வெள்ளைக்காரர் வெடி கொளுத்தும் கை ஃபோக்ஸ் இரவில், மோர்டனில் வெடித்ததை அவர் ஜன்னலால் பிடித்தது. அது எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சிரிப்போம்.

"போன வருசம் அண்டைக்கு உங்கட பதிவைப் போட்டன்," என்றார் மெற்றில்டா. "இண்டைக்குப் பிறந்த எல்லாருக்கும், எங்க இருந்தாலும், என்ர வாழ்த்து எண்டீங்கள். பேந்து வெடி. அவ்வளவு காலமா என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லேல்லை அண்ணை. நானே சொல்லேல்லை, சொன்னா இவர் அழுவார் எண்டு விட்டது, பேந்து அப்பிடியே போச்சு. அண்டைக்கு முழுக்க அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டனான். அதிலயிருந்துதான் நான் உங்கடய ஒவ்வொரு நாளும் கேக்கத் தொடங்கினது."

இதைக் கேட்டு அண்ணை ஆறுதல்படுவார் என்று நினைத்தேன். மாறாக முகம் இன்னும் இருண்டது.

"அது நான் உங்கட பிள்ளையை நினைச்சுச் சொன்னதில்லை, மெற்றில்டா," என்றார். "ஒவ்வொரு நாளும் சொல்லுறதைத்தான் அண்டைக்கும் சொன்னனான். அந்த நன்றி எனக்கு வேண்டாம்."

"தெரியும். மே மாதமும் நீங்கள் என்னை நினைச்சுச் சொல்லேல்லை எண்டு தெரியும்."

கீழே பஸ் நின்று போனது.

"இந்த முறை அவன்ர பேரைச் சொல்லுறன்," என்றார் அண்ணை. "ஜனாதிபதிமாருக்கு முதல் சொல்லுறன்."

"வேண்டாம்." மெற்றில்டா உடனே சொன்னார். "பேர் சொன்னா எல்லாரும் திரி போடுவினம். அழுகைப் படம் போடுவினம். அது மே மாதத்தோட போதும். நீங்கள் எப்பவும் போல, சந்தோசமாச் சொல்லுங்கோ. வெடியும் வையுங்கோ. அவன்ர பிறந்தநாளில ஆக்கள் சிரிக்கட்டும்."

பிஸ்கட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அண்ணை எழுந்தார். "இது எனக்குக் கஷ்டமான தண்டனை" என்றார்.

"ஓம்," என்றார் மெற்றில்டா.

ஜூலை மூன்று பின்னேரம் நான் மெற்றில்டாவைத் திரும்பவும் குழுவில் சேர்த்தேன். அன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் அண்ணையின் கார் வெகுநேரம் வீட்டு வாசலில் கண்ணாடி ஏற்றியபடி நின்றதாக அவருடைய மனைவி பிறகு சொன்னார். எத்தனை தடவை பேசி அழித்தாரோ தெரியாது.

காலை ஐந்தரைக்குப் பதிவு வந்தது. நான் எழும்பி உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். வணக்கம் உறவுகளே என்று துள்ளிக்கொண்டு தொடங்கினார். அந்த நாட்டுக்கு இருநூற்றைம்பது வயது என்றார். ஜூலை நாலில் பிறந்த ஒரே ஜனாதிபதியைச் சொன்னார். வருடா வருடம் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு, இரண்டு பழைய ஜனாதிபதிகள் ஒரே ஜூலை நாலில் இறந்துபோன கதை. அதைச் சொல்லவில்லை. சாவு ஒன்றுமே இல்லாத நாளாக அதை ஆக்கியிருந்தார். பிறகு, "இண்டைக்குப் பிறந்த எல்லாருக்கும், எங்க இருந்தாலும், என்ர வாழ்த்து" என்றார். குரல் உடையவில்லை. எப்படிப் பிடித்து வைத்திருந்தாரோ. வெடிச் சத்தம் இந்த முறை இரண்டு மடங்கு நீளம்.

எட்டு மணிக்குப் பூங்காவில் எல்லோரும் கூடினோம். மெற்றில்டா வந்திருந்தார், புதுச் சட்டை போட்டிருந்தார். அண்ணை கடைசியாக வந்து வழக்கம்போல ஓரமாக நின்றார். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் அண்ணையின் முதுகில் தட்டினார்.

"என்ன காணும் பத்மநாதன், உம்மட சொந்தப் பிள்ளையின்ர பிறந்தநாள் மாதிரியெல்லோ துள்ளினீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தார், வாய்விட்டு. "ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார்.

பத்மநாதன் அண்ணை சட்டென்று குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். வெகுநேரம் நிமிரவில்லை. அவருடைய சப்பாத்துக்குக் கயிறு கிடையாது. மற்றவர்கள் பார்க்காதபடி நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.