லிஃப்ட்காரரின் எதிர் ஓட்டு

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள் உண்டு. மாதத்துக்கு இரண்டு முறை அவற்றைப் பார்க்க வருபவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, பையில் ஒரு துண்டுச் சாக்பீஸ். கம்பி வடத்தில் சந்தேகம் வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அடுத்த முறை வந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுவார். யாராவது அவசரப்படுத்தினால், "நீங்க படியில போங்க, உடம்புக்கு நல்லது" என்பார்.

அவரை எனக்கு வேறொரு இடத்திலும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரு பிளாக்செயின் குழுமத்தில் உறுப்பினர்கள். பல ஊர்களில் உள்ள கணினிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்திருக்கின்றன. அதில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, அவ்வளவுதான் அது. பயன்படுத்துகிறவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போகும். அந்த நிதியை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்கள் இணைய மன்றத்தில் வாதாடி, பிறகு ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். டோக்கன் என்பது அந்தக் குழுமத்தின் இணைய நாணயம்; அவரவர் வைத்திருக்கும் டோக்கன்தான் ஓட்டின் கனம்.

லிஃப்ட்காரர் இதற்குள் வந்தது எல்லோரையும் போல ஆசையால்தான். கூட வேலை செய்தவர் சொன்னார், இவர் டோக்கன் வாங்கினார், விலை விழுந்தது. மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் அதன் பிறகுதான் விதிகளைப் படிக்க உட்கார்ந்தார். "போனது போச்சு, எதுல போச்சுன்னாவது தெரிய வேணாமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். படிக்கப் படிக்கக் கேள்வி வந்தது. கேள்விகளை மன்றத்தில் கேட்டார். இரண்டு ஆண்டுகளில், எந்த முன்மொழிவு வந்தாலும் லிஃப்ட்காரர் கேட்டு முடிக்கும்வரை ஓட்டுப் போடுவதில்லை என்று பலர் வழக்கமாக்கிக் கொண்டார்கள். நாற்பத்தொரு பேர் தங்கள் ஓட்டையே அவரிடம் ஒப்படைத்திருந்தோம். எங்களுக்காகவும் அவரே போடலாம். விதி அதை அனுமதிக்கிறது. எங்கள் சோம்பலும்தான்.

அவர் பெயரில் ஒரு விதியே இருந்தது. எந்த முன்மொழிவும் செல்ல வேண்டுமானால் மொத்த ஓட்டில் நூற்றுக்கு இருபதாவது விழுந்திருக்க வேண்டும். அந்த இருபதில் எதிர் ஓட்டையும் சேர்ப்பதா என்று முன்பு ஒரு தகராறு வந்தது. லிஃப்ட்காரர் எழுதினார்: "எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேரின் எடை. ஒருவர் மேலே போகிறார், ஒருவர் கீழே போகிறார் என்று லிஃப்ட் பார்ப்பதில்லை. எதிர்க்க வந்தவனை வராதவன் என்று எழுதக் கூடாது." மன்றம் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அதற்கு லிஃப்ட் விதி என்று பெயர்.

போன ஆண்டு ஒரு முன்மொழிவு வந்தது. எங்கள் வட்டாரத்தில் நிரலாளர்களுக்கு மூன்று நாள் மாநாடு. நானூறு பேர் வருவார்கள். குழுமம் முதன்மை ஆதரவாளராக இருக்க வேண்டும். ஆண்டு நிதியில் ஆறில் ஒரு பங்கு தர வேண்டும். முன்மொழிந்தவர் முப்பத்தாறு வயதான ஒரு நிரலாளர். லிஃப்ட்காரர் மன்றத்தில் எழுதிய முதல் வரி இது: "முன்மொழிந்தவர் என் மனைவியின் தங்கை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு என் கேள்விகளைப் படியுங்கள்."

ஏழு கேள்விகள் கேட்டார். ஆறுக்கு அந்தப் பெண் பதில் சொன்னார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதில்கள் அல்ல, நல்ல பதில்கள். மாநாடுகள் எல்லாம் விமானம் ஏறிப் போக வேண்டிய இடங்களிலேயே நடக்கின்றன, எங்கள் வட்டார நிரலாளர்கள் விசா வரிசையில் நின்று திரும்பி வருகிறார்கள், ஒரு முறையாவது மாநாடு அவர்களிடம் வரட்டுமே என்று எழுதியிருந்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஏழாவது கேள்வி, இதற்கு முன் குழுமம் ஆதரவளித்த மாநாட்டைப் பற்றியது. அதற்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்றும் நம் பிளாக்செயினில் நிரல் எழுதுகிறார்கள்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. யாரிடமும் இல்லை. யாரும் எண்ணவில்லை.

பதில் தெரியாத செலவை எதிர்ப்பேன் என்று லிஃப்ட்காரர் அறிவித்தார்.

ஓட்டெடுப்பு ஏழு நாள். போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க முடியாது; ஒதுங்கி நிற்பதற்குத் தனிப் பொத்தானும் கிடையாது. எதிர்ப்பாளர்கள் முதல் நாளே ஆவேசமாக வந்து எதிர்த்துப் போட்டார்கள். மூன்றாம் நாள்தான் அவர்களில் ஒருவருக்கு உறைத்தது. அவரைத் தாடி என்போம், மன்றத்திலும் அப்படித்தான். வேறொரு ஊரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர், நாக்கில் உப்புக்காகிதம் வைத்திருப்பவர். ஆதரவு நூற்றுக்குப் பதினொன்றில் நின்றிருந்தது. அது மட்டும் இருந்தால் இருபதை எட்டவே எட்டாது. இவர்கள் போட்ட நூற்றுக்கு ஏழு எதிர் ஓட்டுதான் மொத்தத்தைப் பதினெட்டுக்குத் தூக்கி வைத்திருந்தது. லிஃப்ட் விதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

"யாரும் இனிமே போடாதீங்க. கையைக் கட்டிட்டு உக்காருங்க. அதுவா விழுந்துடும்" என்று தாடி எதிர்ப்பாளர்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். உட்கார்ந்தார்கள். ஆதரவாளர்களில் போட வேண்டியவர்கள் போட்டு முடித்திருந்தார்கள். கடைசி நாள் சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு முடிவு.

லிஃப்ட்காரர் இன்னும் போடவில்லை. எங்களுடையதையும் சேர்த்து அவர் கையில் இருந்தது நூற்றுக்கு இரண்டு. எதிர்த்துப் போட்டால் எதிர்ப்பு ஒன்பது, ஆதரவு பதினொன்று, மொத்தம் இருபது. மாநாடு வென்றுவிடும். போடாவிட்டால் தோற்றுவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை மச்சினி வீட்டுக்கு வந்ததை அவர் மனைவி பிற்பாடு எனக்குச் சொன்னார். அந்த அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர். அழுகிறவர்களிடம் பேசிப் பழகியவர்.

"அத்தான், நேரா கேக்கறேன். போடப் போறீங்களா, மாட்டீங்களா?"

"போடுவேன். எதிர்த்து."

"எதிர்த்தா நான் ஜெயிச்சிடுவேனே."

"தெரியும்."

"அப்ப ஆதரிச்சே போட வேண்டியதுதானே? என்ன வீம்பு இது?"

"ஏழாவது கேள்விக்குப் பதில் வந்துச்சா?"

மச்சினி அக்காவைப் பார்த்தார். "எப்படிக்கா இந்த ஆளோட இருபத்தாறு வருஷம் இருந்தே?"

"நான் கேள்வி கேக்க விடறதில்ல" என்றாராம் அக்கா. "நீ சாப்பிட்டுட்டுப் போ. உங்க மாநாட்டுல சாப்பாடாவது நல்லாப் போடுவியா?"

மச்சினி சாப்பிடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்க போட்டா நீங்கதான் எனக்கு வாங்கிக் கொடுத்தீங்கன்னு ஆகும். எட்டு மாசம் அலைஞ்சிருக்கேன் அத்தான். போடாம தோத்தாக்கூட எனக்கு மரியாதை மிஞ்சும். எது பண்ணாலும் எனக்காகப் பண்ணாதீங்க."

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் கட்டடத்தில் ஆள் இல்லாத நாள் என்பதால் அவர் வேலைக்கு வந்திருந்தார். நான் படியேறி மொட்டை மாடிக்குக் கீழுள்ள மெஷின் அறைக்குப் போனேன். மோட்டார் ஓய்ந்திருந்தது. எண்ணெய் வாடை. தரையில் துணியை விரித்து அதன்மேல் உட்கார்ந்து பிரேக் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை.

கைபேசி அடித்தது. தாடி. ஸ்பீக்கரில் போட்டார், கை முழுக்க எண்ணெய்.

"அண்ணே, கும்பிடறேன். பேசாம இருங்க. அரை மணி நேரம். பொத்தானைத் தொடாதீங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்கதான் முதல் நாளே போய் ஏழு பங்கு எடையை ஏத்திவிட்டுட்டீங்க."

"தப்புதான். அதுக்காக நீங்களும் ஏறணுமா?"

"நான் எதிர்க்கறேன்னு எழுதியிருக்கேன் தம்பி."

"எழுதியாச்சுல்ல? அது போதும். பேசாம இருக்கறதும் எதிர்ப்புதான்."

"அப்ப தூங்கறவன், ஆஸ்பத்திரியில இருக்கறவன், மறந்துட்டவன் எல்லாம் எதிர்ப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. "என் ஓட்டும் உங்ககிட்டதான் இருக்கு. நான் மாநாடு வேணும்னு நினைக்கறவன். நீங்க எதிர்த்துப் போட்டா எனக்கு லாபம். ஆனா கொடுத்தது அதுக்கில்ல. நீங்க நினைக்கறது நடக்கணும்னுதான் கொடுத்தேன்."

அவர் கந்தையில் விரல் விரலாகத் துடைத்தார். "நடக்கறது என் கையில இல்லீங்க. எல்லார் ஓட்டுலயும் இருக்கு. என்ன நினைச்சேன்ங்கறது மட்டும்தான் என் கையில. பேசாம இருந்து ஜெயிச்சா, பதிவேட்டுல நான் வரலன்னுதான் இருக்கும். வந்தேனே."

"மச்சினிக்காகப் பண்ணீங்கன்னு சொல்வாங்க."

"சொல்லுவாங்க." கந்தையை மடித்து வைத்தார். "நாலு வருஷமா சம்பாதிச்சது அது ஒண்ணுதான், இந்த ஆள் யாருக்கும் வளையமாட்டான்ங்கற பேரு. அதுக்காகப் போடாம இருக்கலாமான்னு ராத்திரி யோசிச்சேன். அப்ப பேருக்கு வளைஞ்ச மாதிரி ஆயிடும்."

பதினொன்று நாற்பத்தாறுக்கு எதிர்ப்பு என்ற பொத்தானை அழுத்தினார். பிறகு பிரேக் பட்டையை மாட்டினார்.

கொள்கைப்படி நடப்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கொள்கை அவர்களை யோசிக்கும் வேலையிலிருந்து விடுவித்துவிடுகிறது. இவர் யோசித்திருந்தார், அது தெரிந்தது. ஆனால் சரியாக யோசித்தாரா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. விளைவைத் தெரிந்தே செய்தவன் விளைவுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. கீழே வரும்போது அதை அவரிடம் சொன்னேன். "பொறுப்பில்லன்னு நான் எங்க சொன்னேன்?" என்றார்.

மாநாடு வென்றது. பன்னிரண்டு அடித்த பத்தாவது நிமிடம் தாடி எழுதினார்: "மச்சினிக்குச் சீர் கொடுக்க இதைவிட நாசூக்கான வழி கிடையாது. எதிர்க்கிற மாதிரியும் ஆச்சு, கொடுத்த மாதிரியும் ஆச்சு." அதற்கு நூற்றுக்கணக்கானோர் சிரித்த முகம் போட்டார்கள். ஒரு வாரத்தில் நாற்பத்தொரு பேரில் இருபத்து நான்கு பேர் தங்கள் ஓட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை. நம்பிக்கையால் என்று சொன்னால் பாதி பொய். யோசித்துக்கொண்டிருந்தேன்.

மச்சினி மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. மாநாடு நடந்தது, லிஃப்ட்காரர் ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், புரியவில்லை என்று திரும்பி வந்தார்.

அதன் பிறகு தாடி ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார். லிஃப்ட் விதியை மாற்ற வேண்டும். இனி ஆதரவு ஓட்டு மட்டுமே இருபதில் சேரும். விதியை வைத்திருக்க விரும்பியவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் இப்போது பாடம் படித்திருந்தார்கள். ஒருவர்கூடப் போடவில்லை, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் மொத்தம் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் சும்மா இருந்தால் போதும்.

அன்று காலை லிஃப்ட்காரர் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். மீதமிருந்த எங்கள் பதினேழு பேர் கனத்தோடு எண்ணிக்கை இருபதுக்கு ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. இன்னும் யாராவது ஒருவர் வந்திருந்தால் அவருடைய விதி அவர் கையாலேயே போயிருக்கும். யாரும் வரவில்லை, விதி பிழைத்தது. ஆனால் அவர் போட்டபோது இரண்டு நாள் மீதி இருந்தது, அப்படி முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தாடி அன்று மாலை எழுதியது இரண்டே வரி. "நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இந்த ஆள் மச்சினிக்காகச் செய்யவில்லை, இவருக்கு வியாதியே இதுதான்." போனவர்களில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

மாநாடு முடிந்து ஆறு மாதம் ஆனதும் மச்சினி மன்றத்தில் அறிக்கை வைத்தார். முதல் வரியிலேயே எழுதியிருந்தார்: "ஓட்டெடுப்பின்போது என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்." நானூறு என்று சொன்னோம், வந்தவர்கள் இருநூற்று அறுபத்து மூன்று. ஒவ்வொருவரையும் தொடர்ந்து பார்த்தோம். இன்று நம் பிளாக்செயினில் நிரல் எழுதுகிறவர்கள் முப்பத்தொன்று. முப்பது என்றோ நாற்பதுக்கு அருகில் என்றோ எழுதவில்லை. அது அதிகமா குறைவா என்று ஒப்பிட எங்களிடம் வேறு எண் எதுவும் இல்லை.

அறிக்கைக்குக் கீழே லிஃப்ட்காரர் எழுதினார்: "நன்றி. ஒரு கேள்வி. இந்த முப்பத்தொரு பேரில் மாநாட்டுக்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்?"

நான்காவது நிமிடம் பதில் வந்தது.

"ஒன்பது. பட்டியல் இணைப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், அங்கே எதுவும் கேட்கக் கூடாது."